கேவியரும் அதன் துணையுணவுகளும்: வீட்டு மேசைக்கான ஒரு முறைமை ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

ஸ்டர்ஜன் மீனின் சினையை உப்பிட்டுப் பதப்படுத்தியது கேவியர். வட அரைக்கோளத்தின் பல ஆறுகளிலும் கடல்களிலும் இம்மீன் இனங்கள் வாழ்ந்தாலும், உலகம் கேவியரை அறிந்தது காஸ்பியன் கடற்கரையின் வழியாகவே. நீண்ட காலம் அரண்மனைகளுக்கும் பெரிய உணவகங்களுக்கும் உரியதாயிருந்த இவ்வுணவு, பண்ணை வளர்ப்பு பெருகியபின் 30 கிராம் டப்பாக்களில் வீடுகளுக்கும் வருகிறது. அப்படி வரும்போது எதனோடு உண்பது, எப்படிப் பரிமாறுவது என்ற இரண்டு கேள்விகள் எழுகின்றன.

இவற்றுக்குப் பெரும்பாலும் பட்டியல்களே விடையாகக் கிடைக்கின்றன: பிளினி என்ற சிறு ரஷ்ய அப்பம், வெண்ணெய், அவித்த முட்டை, வெங்காயம், எலுமிச்சை, கேப்பர் என்ற ஊறவைத்த மொட்டு. எது எதற்காக வந்தது, எது எந்தச் சினைக்குப் பொருந்தும் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. துணையுணவின் தகுதியைக் கேவியரின் இயல்பிலிருந்தே வருவிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். உப்பு, கொழுப்பு, சவ்வு ஆகிய மூன்றும் அவ்வியல்பின் கூறுகள். இம்மூன்றுக்கும் துணைநிற்பது நல்ல துணை. இவற்றில் ஒன்றைக் கெடுப்பது, எவ்வளவு மரபுடையதாயினும், விலக்கத்தக்கது.

நம் சமையலறையில் மீன் சினை மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசப்பட்டுத் தோசைக்கல்லில் வறுபடும். அங்கே மசாலாவும் மொறுமொறுப்பும் சுவையின் பாதி. கேவியர் அடுப்பைக் காணாத உணவு. அதன் சுவை முழுவதும் சினைக்குள்ளேயே இருப்பதால், சேர்ப்பதைவிடக் காப்பதே இங்கு சமைப்பவரின் வேலை.

2. கேவியரின் இயல்பு

2.1 உருவாகும் முறை

மீனிலிருந்து எடுத்த சினைப்பை, சல்லடை வலைமீது மெல்லத் தேய்க்கப்படும். முட்டைகள் கீழே உதிர, இணைப்புத் திசு மேலே தங்கும். பின்னர் குளிர்ந்த நீரில் அலசி, நீரை வடித்து, எடைக்கேற்ற நுண்ணுப்பைக் கையால் கலப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்த உப்பிடலே சுவையைத் தீர்மானிக்கிறது. முட்டையிலிருந்து நீர் வெளியேறி, சவ்வு இறுகி, உள்ளிருக்கும் திரவம் செறிவடைகிறது. பிறகு டப்பாவில் நிரப்பி, காற்று வெளியேறும்படி மூடியை அழுத்தி, குளிரில் வைத்துப் பக்குவப்படுத்துவார்கள்.

ஸ்டர்ஜன் கேவியருக்கான கோடெக்ஸ் பன்னாட்டுத் தரம் 2010இல் வகுக்கப்பட்டது. அதன்படி 100 கிராமில் உப்பு 3 முதல் 5 கிராம்வரை இருக்க வேண்டும். டப்பாக்களில் காணப்படும் ‘மலோசோல்’ என்ற சொல் குறைவாக உப்பிட்டதைக் குறிக்கும். அது மீனின் இனப்பெயர் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் போரிக் அமிலச் சேர்மங்களைப் பதப்பொருளாகச் சிறிதளவு சேர்க்க அனுமதி உண்டு, அமெரிக்காவில் இல்லை. அவை சேர்ந்தால் உப்பு குறைவாகவே போதும்; ஒரே பண்ணையின் கேவியர் இரு சந்தைகளில் இரு உப்புச் சுவையோடு கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2.2 மூன்று பண்புகள்

முதலாவது உப்பு. மலோசோல் வகையிலும் நூற்றுக்கு மூன்று பங்குக்குக் குறையாத உப்பு இருப்பதால், அதோடு வரும் எதிலும் உப்பு மேலோங்கக் கூடாது.

இரண்டாவது கொழுப்பு. 100 கிராம் கேவியரில் சுமார் 18 கிராம் கொழுப்பும் 25 கிராம் புரதமும் உள்ளன. மணத்தைச் சுமப்பது பெரும்பாலும் இந்தக் கொழுப்பே. வாயின் சூட்டில் அது பரவும்போதுதான் வெண்ணெய், கொட்டைப் பருப்பு, கடல் ஆகியவற்றை நினைவூட்டும் சுவைகள் வெளிப்படுகின்றன. மீன் எண்ணெயாதலால் காற்றுப் பட்டால் விரைவில் சிக்கு வாடை ஏறும்.

மூன்றாவது சவ்வு. ஒவ்வொரு முட்டையும் தனித்து உருண்டு, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் அழுந்தும்போது உடைய வேண்டும். சூடும் புளிப்பும் புரதத்தைத் திரளச் செய்யும். முட்டை வெளுத்து விறைக்கும். உறைய வைத்தால் சவ்வு கிழிந்து, உருக்கும்போது நீர் கசியும். கரண்டியால் அழுத்திக் கிளறினால் கூழாகும்.

2.3 வகைகள்

காஸ்பியன் மரபு மூன்று பெயர்களை நிலைநாட்டியது. பெலூகா மிகப் பெரிய முட்டைகளையும் மென்மையான வெண்ணெய்ச் சுவையையும் உடையது. ஒசெத்ரா நடுத்தர அளவினது. பழுப்பிலிருந்து பொன்னிறம்வரை மாறும். கொட்டைப் பருப்பின் சுவையுள்ளது. செவ்ரூகா சிறியது, கருஞ்சாம்பல் நிறத்தது, மூன்றிலும் கூர்மையான சுவையுடையது. டப்பா மூடியில் பெலூகாவுக்கு நீலம், ஒசெத்ராவுக்கு மஞ்சள், செவ்ரூகாவுக்குச் சிவப்பு என்ற நிற வழக்கும் இருந்தது.

இன்றைய வீட்டு மேசைக்கு வருவன பண்ணை இனங்கள்: பிரான்சின் ஜிரோந்த் பகுதியிலும் பிற நாடுகளிலும் வளர்க்கப்படும் சைபீரிய ஸ்டர்ஜன், கலிஃபோர்னியாவிலும் இத்தாலியிலும் வளரும் வெள்ளை ஸ்டர்ஜன், உலகின் முதன்மை உற்பத்தியாளராகிவிட்ட சீனாவின் கலூகா–ஆமூர் கலப்பினம். இவற்றுக்கு வெளியே சால்மன், டிரவுட், லம்ப்ஃபிஷ் போன்றவற்றின் சினைகளும் கேவியர் மேசையில் இடம்பெறுகின்றன. அமெரிக்க விதிப்படி, தனித்து ‘கேவியர்’ எனப்படுவது ஸ்டர்ஜனுடையதே. பிறவற்றுக்கு மீனின் பெயரையும் சேர்த்தெழுத வேண்டும். துணையுணவைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது முதல் படி.

3. மூன்று மரபுகள்

3.1 ரஷ்யா

தவக்காலத்துக்கு முந்தைய வாரமான மஸ்லெனித்சா, ரஷ்ய வீடுகளில் பிளினிக்குரிய வாரம். புளிக்கவைத்த மாவில் சுட்டு அடுக்கிய பிளினியோடு உருக்கிய வெண்ணெயும் ஸ்மெத்தானா என்ற புளித்த பாலேடும் மேசைக்கு வரும். வசதிக்கேற்ப மீனும் கேவியரும் சேரும். புத்தாண்டு இரவிலோ வெள்ளை ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சால்மனின் சிவப்புச் சினையை வைத்த தட்டு இல்லாத வீடு அரிது. கருப்புக் கேவியர் பலருக்கு எட்டாத காலத்திலும் இந்தச் சிவப்பு மரபு நின்றது. மாவும் பாலின் கொழுப்புமே அடித்தளம் என்பதில் இரண்டு விருந்துகளும் ஒன்றுபடுகின்றன.

3.2 ஈரான்

காஸ்பியனின் தென்கரையில் பந்தர் அன்சலி கேவியருக்குப் பெயர்பெற்ற துறைமுகம். செதில் குறித்த சமய விதியால் ஸ்டர்ஜன் உண்ணத்தகாததாகக் கருதப்பட்டுவந்தது. 1983இல் ஆயத்துல்லா கொமேனியின் தீர்ப்பு அதை அனுமதிக்கப்பட்டதாக்கியது. அதுவரை நிலவிய தடையால் இங்கு கேவியர் பெரிதும் ஏற்றுமதிப் பொருளாகவே வளர்ந்தது. அதே கீலான் மாகாணத்தின் வீடுகளில் வேறொரு மீனின் சினையை உப்பிட்ட ‘அஷ்பல்’ சோற்றோடு உண்ணப்படுகிறது. உப்பேறிய சினைக்கு மாவுச்சத்து மிகுந்த, சுவை அடங்கிய தளம் தேவை என்பதை ரஷ்யக் கோதுமையும் கீலானின் அரிசியும் ஒருங்கே உணர்த்துகின்றன.

3.3 மேற்கத்திய விருந்து மேசை

1920இல் பாரிஸில் தொழில் தொடங்கிய பெத்ரோசியன் சகோதரர்கள், ரஷ்யக் கேவியரைப் பிரெஞ்சு விருந்தின் அங்கமாக்கியவர்களில் முதன்மையானோர். ஐரோப்பிய, அமெரிக்க விடுதிகளில் நறுக்கிய முட்டை, வெங்காயம், கேப்பர், எலுமிச்சை கொண்ட கிண்ணங்களின் வட்டம் வழக்கமாயிற்று. மிகுதியாக உப்பேறிய, நெடும்பயணம் செய்த சினைக்கு அந்த வட்டம் உதவியிருக்கும். குளிரில் காக்கப்பட்ட இன்றைய மலோசோலுக்கு அதையே வைப்பது, காரணம் மறைந்தபின் எஞ்சிய சடங்கு.

4. துணையுணவுகளின் வகைப்பாடு

செயலை அளவுகோலாகக் கொண்டால் துணையுணவுகள் மூன்று வகைப்படும்.

4.1 தாங்குவன

பிளினி, தோல் நீக்கி வாட்டிய வெள்ளை ரொட்டி, பிரியோஷ், அவித்த சிறு உருளைக்கிழங்கு ஆகியன இவ்வகை. வாய்க்குக் கொண்டுசேர்ப்பதும் உப்பைப் பரப்பித் தணிப்பதும் இவற்றின் பணி. மென்மை, குறைந்த உப்பு, இளஞ்சூடு ஆகியன இவற்றுக்கு வேண்டிய தகுதிகள். கடினமான பிஸ்கட் இத்தேர்வில் தோற்கும். அது நொறுங்கும் ஓசையில் முட்டை உடையும் நுட்பம் மறைந்துவிடும். பூண்டு, மூலிகை, மிளகு சேர்த்த ரொட்டியும் அவ்வாறே.

உருளைக்கிழங்குக்கு நான் முதலிடம் தருவேன். அதன் மாவுத்தன்மை உப்பை ஏற்கிறது. தனக்கென ஓங்கிய மணம் இல்லை. எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. ஜவ்வரிசியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கலிஃபோர்னியாவின் ஃபிரெஞ்ச் லாண்ட்ரி உணவகத்தில் தாமஸ் கெல்லர் புகழ்பெறச் செய்த ‘ஆய்ஸ்டர்ஸ் அண்ட் பேர்ல்ஸ்’ என்ற உணவில் ஜவ்வரிசியும் சிப்பியும் கேவியரும் இணைகின்றன. உருண்டைமேல் உருண்டை அமையும் அந்த நயம், தாங்குவது உருவத்திலும் துணைநிற்கலாம் என்பதற்குச் சான்று.

4.2 தணிப்பன

உப்பிடாத வெண்ணெய், ஸ்மெத்தானா, கிரெம் ஃபிரெஷ் ஆகியன இவ்வகை. கொழுப்போடு கொழுப்பு சேரும்போது மணம் வாயில் நீடிக்கிறது. உப்பின் கூர்மை குறைகிறது. பாலேட்டின் மெல்லிய புளிப்பு, எலுமிச்சைச் சாறுபோல முட்டையை வெளுக்கவைக்கும் அளவுக்குக் கடுமையானதன்று. ஆயினும் அளவு முக்கியம். தளத்தில் ஒரு மெல்லிய பூச்சு போதும். பாலேடு குவிந்தால் உண்பது பாலேடாகிவிடும். உப்பு வெண்ணெயைத் தவிர்க்க வேண்டும்.

4.3 எதிர்நிற்பன

எலுமிச்சை, பச்சை வெங்காயம், கேப்பர், சைவ்ஸ் தாள், அவித்த முட்டை ஆகியவற்றை ஒன்றாகவே வைப்பது வழக்கம். மூன்று பண்புகளின் துணையோடு இவற்றைப் பிரித்தறியலாம். எலுமிச்சை சவ்வைத் தாக்குகிறது. வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் கொழுப்பின் மென்மணத்தை மூடிவிடுகின்றன. கேப்பர் உப்பின்மேல் உப்பேற்றுகிறது. ஆகவே இம்மூன்றும் நல்ல ஸ்டர்ஜன் கேவியருக்கு ஆகா. சைவ்ஸ் வெங்காயக் குடும்பத்தில் மென்மையானது. பொடியாக நறுக்கிப் பாலேட்டில் சிறிது தூவினால் கெடுதலில்லை. அவித்த முட்டை எதையும் தாக்குவதில்லை. நன்றாகச் சலித்த மஞ்சட்கரு தணிப்பனவற்றோடு சேரத்தக்கது. இதுவரை எதிரணியில் வைக்கப்பட்ட முட்டையை இந்த ஆய்வு அங்கிருந்து மீட்கிறது.

5. வகைக்கேற்ற இணை

பெலூகா, கலூகா கலப்பினம் போன்ற பெரிய, மென்சுவைச் சினைக்குத் துணையே தேவையில்லை. முதல் கரண்டியைத் தனியே உண்டு, வேண்டுமாயின் வெண்ணெய் தடவிய பிரியோஷுக்குச் செல்லலாம்.

ஒசெத்ராவும் வெள்ளை ஸ்டர்ஜனும் இளஞ்சூடான பிளினியோடும் உருளைக்கிழங்கோடும் நன்கு பொருந்தும். பிளினியில் சேரும் பக்வீட் மாவின் வறுத்த மணம் ஒசெத்ராவின் கொட்டைச் சுவைக்கு இனமானது.

சைபீரிய ஸ்டர்ஜனும் செவ்ரூகாவும் சிறியன, சற்றே கூரியன. இவற்றுக்குப் பாலேடும் முட்டை மஞ்சட்கருவும் ஏற்றவை.

சால்மன், டிரவுட் சினைகள் தனி நிலையின. பெரிய முட்டை, தடித்த சவ்வு, ஓங்கிய உப்பு. இங்கே வெங்காயத்தாளும் ஒரு துளி எலுமிச்சையும் குற்றமாகா. ஜப்பானியர் செய்வதுபோல் சோற்றின்மேல் இட்டும் உண்ணலாம். கருப்பு வண்ணமூட்டிய லம்ப்ஃபிஷ் சினை பாலேட்டில் சாயம் கசியவிடும். அதற்கு முட்டையும் வெங்காயமும் சேர்ந்த முழு வட்டமே பொருத்தம். எதிர்நிற்பன எல்லாவிடத்தும் பிழையல்ல. அவற்றுக்குரிய இடம் இதுவே.

6. பரிமாறும் முறை

6.1 வெப்பநிலை

கேவியரைக் காக்க ஏற்ற வெப்பநிலை –2 முதல் +2 பாகை செல்சியஸ். வீட்டுக் குளிர்பெட்டி பெரும்பாலும் 4 பாகையில் இயங்குவதால், அதன் மிகக் குளிர்ந்த தட்டில், பனிக்கட்டி நிரப்பிய பாத்திரத்துக்குள் டப்பாவை வைப்பது நலம். உறைபெட்டியில் வைக்கவே கூடாது. பரிமாறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் வெளியே எடுத்து, உண்ணும் வேளையில் மட்டும் மூடியைத் திறக்க வேண்டும்.

6.2 கலமும் கரண்டியும்

ரஷ்ய மேசையில் ‘இக்கோர்னித்சா’ எனப்படும் கண்ணாடிக் கிண்ணம் பனிக்கட்டிமீது அமரும். வீட்டில் ஒரு பெரிய கிண்ணத்தில் நொறுக்கிய பனிக்கட்டியைப் பரப்பி, அதில் டப்பாவையே பதித்துவிடலாம். வேறு கலத்துக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் சில முட்டைகள் உடைகின்றன என்பதால் இதுவே சிறந்தது.

வெள்ளிக் கரண்டி ஆகாது; முட்டையிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும், உலோகச் சுவையும் ஏறும். முத்துச்சிப்பி, கொம்பு, மரம், கண்ணாடி ஆகியவை ஏற்றவை. துருப்பிடிக்காத எஃகு அத்தகைய தீங்கு செய்வதில்லை. கேவியரும் உட்பூச்சிட்ட உலோக டப்பாவில்தான் வருகிறது. ஆகவே முத்துச்சிப்பிக் கரண்டி இல்லை என்பதற்காக எவரும் தயங்க வேண்டியதில்லை. கரண்டியை டப்பாவின் விளிம்பிலிருந்து செங்குத்தாக இறக்கி, அள்ளி எடுப்பதே முறை.

6.3 அளவு

சுவை பார்க்க ஒருவருக்கு 10 முதல் 15 கிராம் போதும். 30 கிராம் டப்பா இருவருக்கு நிறைவு தரும். ஆறு பேர் கூடும் வீட்டில் 30 கிராமை அலங்காரமாகத் தூவுவதைவிட, டிரவுட் சினை 100 கிராம் வாங்கி மனங்குளிரப் பரிமாறுவது மேல்.

6.4 பிளினி

பக்வீட் மாவு 100 கிராம், மைதா 100 கிராம், வெதுவெதுப்பான பால் 300 மில்லி, உலர் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முட்டையின் மஞ்சட்கரு, உருக்கிய வெண்ணெய் 30 கிராம். எல்லாவற்றையும் கலந்து ஒரு மணி நேரம் மூடி வைத்தால் மாவு பொங்கும். நுரைக்க அடித்த வெள்ளைக்கருவைக் கடைசியில் மெல்லக் கலந்து, உள்ளங்கையிற் பாதியளவு வட்டங்களாக மிதமான தீயில் சுட வேண்டும். துணிக்குள் சுற்றி வைத்தால் இளஞ்சூடு நிற்கும். கொதிசூட்டில் பரிமாறினால் சினை வெந்துவிடும்.

6.5 வரிசை

முதலில் தளம், அடுத்து மெல்லிய வெண்ணெய் அல்லது பாலேடு, இறுதியாகக் கேவியர். கத்தியால் பரப்பாமல் குவியலாகவே வைக்க வேண்டும். முன்கூட்டியே அடுக்கி வைப்பதும் தவறு. தளம் ஈரமாகி, சினை வறண்டுவிடும். உண்பவர் தாமே அடுக்கிக்கொள்ளும்படி எல்லாவற்றையும் மேசையில் வைப்பதே வீட்டுக்கு ஏற்ற விருந்தோம்பல். வணிகர்கள் செய்வதுபோல் முதற்சுவையைப் புறங்கையில் வைத்துப் பார்க்கலாம். கைச்சூடு மணத்தை எழுப்பும், வேறெந்தச் சுவையும் கலவாது.

7. பானங்கள்

நன்கு குளிர்ந்த வோட்கா தன் சுவையைத் திணிக்காமல் நாவிலுள்ள கொழுப்பைத் துடைக்கும். இனிப்புக் குறைந்த புரூட் ஷாம்பெய்னின் குமிழும் புளிப்பும் அதே பணியைச் செய்கின்றன. சிவப்பு வைன் பொருந்தாது. வைனிலுள்ள இரும்பு, கடலுணவோடு சேர்ந்து மீன் வாடையை எழுப்புவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் சிப்பி உணவை வைத்துக் காட்டினர். மது அருந்தாத வீட்டுக்கு, குளிர்ந்த, சுவையூட்டாத சோடாநீர் முழுமையான மாற்று. பழச்சாறும் இனிப்புப் பானமும் உப்போடு மோதும்.

8. வாங்குதல், காத்தல், பொறுப்பு

ஸ்டர்ஜன் இனங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும் 1998 ஏப்ரல் முதல் அழிவபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. 2022இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், எஞ்சியுள்ள 26 ஸ்டர்ஜன், துடுப்புமூக்கு மீன் இனங்களும் அழிவு அபாயத்தில் உள்ளன என்றும், சீனத் துடுப்புமூக்கு மீன் அற்றுப்போய்விட்டது என்றும் அறிவித்தது. பெலூகா போன்ற பெண்மீன் முதற்சினை கொள்ள 15 ஆண்டுகளுக்கு மேலாகும். அணைகள் அதன் இனப்பெருக்கப் பயணத்தை மறிக்கின்றன. சினைக்காகப் பிடிபடுவதோ இனம் பெருக்க வேண்டிய தாய்மீன். ஆகையால் இயற்கை நீர்நிலையில் பிடித்த கேவியரை வாங்காதிருப்பதைச் சுவையறிவின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

டப்பாவின் முகப்பிலுள்ள குறியீடு இதற்கு வழிகாட்டும். இனத்துக்கு மூன்றெழுத்து, மூலத்துக்கு ஓரெழுத்து, நாட்டுக்கு ஈரெழுத்து, அறுவடை ஆண்டு, நிலையப் பதிவெண், தொகுதி எண் என்பது அதன் வரிசை. மூல எழுத்து ‘சி’ ஆயின் பண்ணை வளர்ப்பு. ‘டபிள்யூ’ ஆயின் இயற்கை நீர்நிலை. பயணத்தில் எடுத்துவருவோர்க்கு ஒருவருக்கு 125 கிராம் என்ற வரம்பும் உண்டு.

திறந்த டப்பாவை இரண்டு மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும். எஞ்சியதன்மேல் மெல்லிய உறைத்தாளை ஒட்டி மூடினால் காற்றுப் படாது. சமைக்காத உணவாதலால் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. இரத்த அழுத்தம் உள்ளோர் உப்பை நினைவிற்கொள்ள வேண்டும். மீன் முட்டை ஒவ்வாமை உள்ளவரா என்று விருந்தினரை முன்னரே கேட்பதும் கடமை.

9. முடிவுகள்

இவ்வாய்வால் பெறப்படுவன: ஒன்று, துணையுணவின் தகுதி உப்பு, கொழுப்பு, சவ்வு ஆகிய மூன்றையும் அது எவ்வாறு நடத்துகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு, தாங்குவதில் ஒன்று, தணிப்பதில் ஒன்று என இரண்டே துணைகள் நல்ல கேவியருக்குப் போதும். அவித்த முட்டையைத் தணிப்பனவற்றுள் சேர்க்கலாம். மூன்று, எலுமிச்சைக்கும் வெங்காயத்துக்கும் உரிய இடம் சால்மன், லம்ப்ஃபிஷ் போன்ற சினைகளின் அருகே. நான்கு, குளிர்ச்சியும் காற்றுப்படாமையும் தரும் பயனை எந்த விலையுயர்ந்த கரண்டியும் தராது. ஐந்து, டப்பாவின் குறியீட்டைப் படித்தறிவது பரிமாறும் முறையின் முதல் விதி.

கேவியரைச் சுற்றி எழுந்த ஆடம்பரம் பலரை அச்சுறுத்தி, வீட்டில் பரிமாறத் தயங்க வைத்திருக்கிறது. அந்த ஆடம்பரத்தில் பெரும்பகுதி கேவியரின் இயல்புக்குத் தொடர்பற்றது என்பதே இங்குக் கண்ட உண்மை. அவித்த உருளைக்கிழங்கு, உப்பிடாத வெண்ணெய், பனிக்கட்டி நிறைந்த ஒரு கிண்ணம், நேர்மையாக வளர்த்த மீனின் சினை ஆகியவை இருந்தால் எந்த வீட்டிலும் இவ்வுணவை அதற்குரிய மதிப்போடு பரிமாறலாம்.